முப்பிடாதிக்குச் சொல்லிக்கொடுத்தவை

"கேட்டை மூடிட்டேன்னா அதுக்கப்புறம் கலெக்டரே வந்து நின்னாலும் திறக்கக் கூடாது, திறக்கச் சொல்லிக் கெஞ்சுதவன் மூஞ்சியப் பாக்கக் கூடாது, பாத்தா கை தன்னால சாவிக்குப் போயிரும், ஆனா ஒண்ணு..." என்று, ரயில்வே கேட்டில் வேலை பார்த்த ஆவுடையப்பனின் அப்பா சொல்வார். அந்த ஒன்று என்ன என்பது ஆவுடையப்பனுக்கு இப்போது நினைவில் இல்லை. அதைச் சொல்லும்போது அப்பா வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு ஒதுக்கிக்கொள்வார் என்பது நினைவிருக்கிறது, கேட் கொட்டகையின் தகரத்தில் வேப்பம்பழம் விழும் சத்தம் நினைவிருக்கிறது, 'ஆனா ஒண்ணு'வுக்குப் பிறகு மட்டும் எதுவும் இல்லை. அது தொலைந்துபோகவும் இல்லை. மேலக்குளத்தில் யாரும் தாங்கள் மறந்தது எங்கே போயிற்று என்று தேட வேண்டியிருந்ததில்லை. அதெல்லாம் தண்டவாளத்துக்கு மேற்கே, ரயில்வே குடியிருப்பின் இரண்டாவது வீட்டில், ஆவுடையப்பனின் மகள் முப்பிடாதியிடம் பத்திரமாக இருந்தது.

மேலக்குளத்தைத் தண்டவாளம் இரண்டாக வகுந்திருந்தது. வீடுகள் மேற்கே, கடைத்தெரு, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பஸ் நிற்கும் இடம் எல்லாம் கிழக்கே. அதனால் அந்த ஊரில் பிறந்த எவரும் தன் ஆயுசில் ஒரு பங்கை நாற்பத்தேழாம் நம்பர் கேட்டின் முன்னால் நின்றே கழித்தாக வேண்டும். ஸ்டேஷனிலிருந்து போன் வரும். ஆவுடையப்பன் கேட்டை இறக்கிப் பூட்டி, பூட்டியாயிற்று என்று சொல்லி ஒரு எண்ணைக் கொடுப்பான். அந்த எண்ணை வாங்கிக்கொண்ட பிறகுதான் அங்கே வண்டியை விடுவார்கள். எண்ணைக் கொடுத்துவிட்டால் அதற்குமேல் கேட் அவனுடையதல்ல, வருகிற வண்டியினுடையது. இருபத்திரண்டு வருஷமாக அவன் அந்தக் கேட்டில் சொல்லிவந்தது ஒரே சொல்தான்: முடியாது. கத்த மாட்டான், முறைக்க மாட்டான், மணி என்ன என்று கேட்டவருக்குப் பதில் சொல்வதுபோலச் சொல்வான். கல்யாணக் கார்களுக்குச் சொல்லியிருக்கிறான், கொடி கட்டிய கார்களுக்குச் சொல்லியிருக்கிறான், பரீட்சைக்கு நேரமாகிவிட்ட பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறான், ஒருமுறை தன் வீட்டு ஆட்கள் வந்த காருக்கும் சொல்லியிருக்கிறான். தெருவில் விளையாடுகிற பிள்ளைகளில் யாராவது கையை விரித்து வழியை மறித்தால் மற்றவர்கள், "போல, பெரிய ஆவுடையப்பன்" என்பார்கள்.

அவனுடைய மகளுக்கு எல்லாமே தாமதமாக வந்தன. கழுத்து நிற்க ஒரு வருஷம், நடக்க நாலு வருஷம், 'எப்பா' என்று கூப்பிட ஆறு வருஷம். சிரிப்பு மட்டும் எல்லாவற்றுக்கும் முந்தி வந்து உட்கார்ந்துகொண்டது. ரயில் சத்தம் கேட்டால் வாசல்படிக்கு வந்து, ஒவ்வொரு பெட்டிக்கும் கையைத் தட்டி, ஒண்ணு, ரெண்டு, ஒண்ணு, ரெண்டு என்று எண்ணுவாள். எத்தனை பெட்டி வந்தாலும் அவளுக்கு ஒன்றும் இரண்டும்தான். கடைசிப் பெட்டி மேற்கே திரும்பி மறைந்த பிறகும் சிரிப்பு கொஞ்ச நேரம் படியிலேயே உட்கார்ந்திருக்கும். ஜன்னலோரத்தில் போகிறவர்கள், முன்பின் தெரியாதவர்கள், அந்தச் சிரிப்புக்குக் கை காட்டாமல் போனதில்லை.

பள்ளிக்கூடத்தில் அவளுக்குப் பேர் மட்டும் இருந்தது. வீட்டுக்கே வந்து சொல்லிக்கொடுக்கும் திட்டத்தில் சேர்த்திருந்தார்கள். வியாழக்கிழமைதோறும் ஜெசிந்தா டீச்சர் வருவார். அவர் சிறப்பாசிரியர், ஏழு ஊர்களுக்குத் தனியாகப் பஸ்ஸில் அலைகிறவர். அவருடைய துணிப்பைக்குள் பாசிமணி கோர்க்கும் கயிறு, வர்ணம் பூசிய மரக்கட்டைகள், பெரிய பெரிய பட்டன் தைத்த ஒரு துணிச்சட்டம், பிறகு ஒரு பட்டியல். பட்டியலில் அறுபது வரிகள். தானே பல் துலக்குகிறாள், தானே சட்டை போடுகிறாள், பெயரைச் சொன்னால் திரும்புகிறாள் என்று ஒவ்வொரு வரிக்கும் எதிரே மூன்று கட்டங்கள்: தானாகச் செய்கிறாள், உதவியோடு செய்கிறாள், செய்யவில்லை. மூன்று வருஷமாக டீச்சரின் பேனா மூன்றாவது கட்டத்தை விட்டு நகரவில்லை. ஆவுடையப்பனுக்கும் அவன் மனைவி கோமுவுக்கும் அந்தப் பட்டியலில் இல்லாத கவலை ஒன்று இருந்தது. அதை அவர்கள் வாய்விட்டுச் சொன்னதில்லை, சோற்றைப் பிசைந்து மகளுக்கு ஊட்டும்போது கை கொஞ்சம் நிற்கும், அவ்வளவுதான். நமக்கு அப்புறம் யார் ஊட்டுவது என்பதுதான் அது.

முப்பிடாதிக்குப் பதினோரு வயது நடக்கும்போது, ஐப்பசி மாத வியாழக்கிழமை ஒன்றில், வெளியே மழை கொட்டிக்கொண்டிருக்க, அவள் துணிச்சட்டத்திலிருந்த ஐந்து பட்டன்களையும் மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாகப் போட்டாள். பிறகு கழற்றினாள். பிறகு தன் சட்டைப் பட்டனைப் போட்டாள். டீச்சர் அழுதார், கோமு கருப்பட்டிக் காப்பி போட்டாள், பட்டியலில் முதல் முறையாகப் பேனா முதல் கட்டத்துக்குப் போயிற்று. அடுத்த வியாழக்கிழமை டீச்சர் மழைக்கோட்டைப் போட்டுக்கொள்ளாமல் தலையில் கவிழ்த்துக்கொண்டு வந்தார். பட்டன் போட வரவில்லை என்றார். வீட்டுக்குப் போனதிலிருந்தே வரவில்லை, விரல் பட்டனைப் பிடிக்கிறது, துளையைக் கண் பார்க்கிறது, அதற்குமேல் என்ன செய்வதென்று தெரியவில்லை என்றார். முப்பிடாதி திரும்பத் திரும்பப் போட்டுக்காட்டியும் அது அவர் விரலில் ஒட்டவில்லை.

"எங்க வீட்டுக்காரருதான் காலையில கொக்கி மாட்டிவிடுதாரு. பரவாயில்ல. பேசாமலே இருந்த மனுசன், இப்ப தினம் அஞ்சு நிமிசம் பக்கத்துல நிக்காரு" என்றார் டீச்சர்.

அடுத்த மாதம் கோமு மகளுக்குச் சடை பின்னச் சொல்லிக்கொடுத்தாள், மகள் கற்றுக்கொண்டாள், அன்றிலிருந்து கோமுவின் தலையை மகள்தான் பின்னிவிட வேண்டியிருந்தது. ஆக, விஷயம் இன்னதென்று தெரிந்துபோயிற்று: முப்பிடாதிக்கு ஒன்று வரவேண்டும் என்றால் அது சொல்லிக்கொடுத்தவரிடமிருந்து போகவேண்டும். ஜெசிந்தா டீச்சர் அலுவலகத்தில் இதை எழுதிக் கொடுத்தார். மேலதிகாரி இரண்டு தடவை படித்துவிட்டு, மாணவி அடைந்ததைக் குறிக்கத்தான் படிவத்தில் இடம் இருக்கிறது, ஆசிரியர் இழந்ததைக் குறிக்க இடமில்லை, ஆகவே அடைந்தாள் என்று மட்டும் போடுங்கள் என்றார்.

ஆவுடையப்பன் தன் பங்குக்கு, தரை அதிர்வதை உள்ளங்காலில் வைத்தே வண்டி வருவதை அறிவது எப்படி என்று மகளுக்குச் சொல்லிக்கொடுத்தான், தண்டவாளத்துக்கு அடுத்த வீட்டில் இருக்கிற பெண்ணுக்கு முதலில் வேண்டியது அதுதான் என்று அவன் நினைத்தான். சொல்லிக்கொண்டு வரும்போது தன்னையறியாமல் அப்பாவின் பேச்சையும் சேர்த்துச் சொல்லிவிட்டான். முன்பாதி அவளிடம் ஒட்டவில்லை, அவனிடமே தங்கிவிட்டது. பின்பாதி போயிற்று.

அதன் பிறகு ஊர் செய்ததை ஊரின் நல்ல காலம் என்றுதான் சொல்ல வேண்டும். சேதி கேட்டை இரண்டு முறை கடப்பதற்குள் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது, யாரும் வாயைப் பிளக்கவில்லை, யாரிடம் எது உபரியாக இருக்கிறது என்றுதான் யோசித்தார்கள். பலசரக்குக் கடை லிங்கம் அண்ணாச்சி, கால்குலேட்டர் இருக்கும்போது எனக்கு எதுக்கு என்று வாய்ப்பாடு முழுவதையும் கொண்டுவந்து கொடுத்தார். தலைமையாசிரியர் ஐரோப்பாத் தலைநகரங்களைக் கொடுத்தார், அங்கே எனக்கு என்ன சோலி என்றார். போஸ்ட்மேன் சைக்கிள் ஓட்டுவதைக் கொடுத்துவிட்டு, அதற்கப்புறம் தன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே தபால் கொடுத்தார். நடந்தால் நாலு பேரிடம் பேச முடிகிறது என்றார். டீக்கடையில், நீ என்ன குடுத்த, நான் இன்னது குடுத்தேன் என்பதே பேச்சாக இருந்தது. எழுத்தை மட்டும் யார் கொடுப்பது என்று ஊர் ஒரு மாதம் தயங்கியது. தாலுகா ஆபீசில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற சங்கரபாண்டியனுக்கு இரண்டு கண்ணிலும் பார்வை மங்கிக்கொண்டு வந்தது, இனி அச்செழுத்து எனக்கு எறும்புச் சாரை மாதிரிதான் என்று சொல்லி அவர் பதினெட்டு நாள் வந்து உட்கார்ந்து படிப்பைக் கொடுத்துவிட்டுப் போனார். அடுத்த நாளிலிருந்து முப்பிடாதி சைக்கிளில் அவர் வீட்டுக்குப் போய் பேப்பர் படித்துக் காட்டினாள். கோமு பதிமூன்று வருஷத்துக்குப் பிறகு முழுத் தூக்கம் தூங்கினாள்.

செய்யதலி பீவி வந்ததும் நல்ல எண்ணத்தோடுதான். கேட்டுக்கு மேற்கே மூன்றாவது தெரு, பாய் முடைகிறவள், ஒரே மகன் சவுதியில் லாரி ஓட்டப் போய் அங்கேயே விபத்தில் இறந்து அங்கேயே அடக்கமாகிவிட்டான். அவளுக்கு வந்து சேர்ந்தது ஒரு போன் மட்டும். பாய் முடையச் சொல்லித்தரத்தான் அவள் கோரையை எடுத்துக்கொண்டு வந்தாள். கோரையைப் பிரித்துப் போடும்போது பேச்சு மகனிடம் போய்விட்டது. போனில் யாரோ ஒருவன், அம்மா உக்காந்துக்கிடுங்க என்று முதலில் சொன்னது, அவள் நின்றுகொண்டே கேட்டது, அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, எல்லாவற்றையும் முப்பிடாதி தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள். கேட்டு முடித்ததும் அவள் செம்பில் தண்ணீர் மொண்டுவந்து செய்யதலி பீவிக்குக் கொடுத்தாள். செய்யதலி பீவி குடித்துவிட்டு எழுந்து, எதுக்கு வந்தேன்னே மறந்துபோச்சு பாரேன் என்று சிரித்தபடி வெளியே வந்து, மகன் வருகிற பெருநாளைக்கு வருவான், வந்தால் அவனுக்குப் பிடிக்கும் என்று போகிற வழியில் சேமியா வாங்கிக்கொண்டு போனாள்.

ஊர் அதையும் ஏற்றுக்கொண்டது. பெருநாள் வந்தபோது, அவனுக்கு லீவு கிடைக்கலையாம் என்று ஒருவர் சொன்னார், அடுத்த பெருநாளுக்கு விசா சிக்கல் என்று இன்னொருவர் சொன்னார், அவளிடம் ஒருவரும் உண்மையைச் சொல்லவில்லை, அவள் கன்னத்தில் சதை வைப்பதைப் பார்த்த பிறகு சொல்ல யாருக்கு மனம் வரும். அதே கன்னத்தைப் பார்த்துத்தான் மற்றவர்களும் வர ஆரம்பித்தார்கள். முதலில் ஒன்றிரண்டு பேர், பிறகு செவ்வாயும் வெள்ளியும், கையில் பூவும் வாழைப்பழமுமாக. கட்டிய நாளிலிருந்து அடி வாங்கியவள் அடியைக் கொண்டுவந்தாள். கிணற்றில் விழுந்த தங்கச்சியின் ஒற்றைச் செருப்பை ஒருவன் கொண்டுவந்தான். கடைசி நேரத்தில் தாயின் பக்கத்தில் இல்லாமல் போனவர், அம்மாவின் தலைமாட்டில் யாரும் இல்லாத அந்த மத்தியானத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். யாரும் இதைத் தப்பு என்று நினைக்கவில்லை. எங்கே போய்வருகிறாய் என்றால், முப்பிடாதிக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துவிட்டு வருகிறேன் என்றார்கள், அது பொய்யும் இல்லை. அந்தப் பிள்ளையும் நாலு விஷயம் தெரிஞ்சுக்கிட வேண்டாமா என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். வந்தவர் ஒவ்வொருவருக்கும் பாடம் முடிந்ததும் முப்பிடாதி ஒரு செம்பு தண்ணீர் கொடுத்தாள்.

பதினாலு வயதில் அவள் முன்பின் தெரியாதவர்களின் திதியில் அழுதாள். யாரோ கையை ஓங்கினால் ஒதுங்குவதுபோல, கொடியில் துணி படபடத்தால் ஒதுங்கினாள். செய்யதலி பீவி வாசலில் நின்று, "அண்ணன் வரும்போது உனக்கு மிட்டாய் கொண்டாரச் சொல்லியிருக்கேன்ட்டி" என்று சொல்லிவிட்டுப் போகும்போதெல்லாம் முப்பிடாதி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அவன் வரமாட்டான் என்பது அந்த ஊரில் அவளுக்குத்தான் உள்ளே தைத்திருந்தது. ஆவுடையப்பன் ஒருநாள் பணி முடிந்து வருகையில் நெடுந்தூர வண்டி ஒன்று போயிற்று. மகள் படியில் உட்கார்ந்திருந்தாள். கை தட்டவில்லை, நிமிரவும் இல்லை. கடைசிப் பெட்டி போனதும், "இருபத்திரெண்டு" என்றாள். சரியான எண்ணிக்கைதான்.

அவன் வாசலில் நின்று ஆட்களைத் திருப்பி அனுப்பிப் பார்த்தான். ஆனால் அவனுக்குப் பகல் பணி, அவர்கள் அவன் போகும்வரை காத்திருந்து வந்தார்கள். கடைத்தெருவில் பூ வாங்கிக்கொண்டு கிழக்கிலிருந்து வருகிறவர்களைக் கேட்டில் நின்றே அவன் பார்ப்பான், கேட் மூடியிருந்தால் அவர்கள் எட்டு நிமிஷம் நிற்பார்கள், அந்த எட்டு நிமிஷம் மகள் சும்மா இருப்பாள், அதற்குமேல் நாற்பத்தேழாம் கேட்டாலும் அவளுக்கு ஒன்றும் செய்துகொடுக்க முடியவில்லை. யாருக்கும் கதவைத் திறக்காதே என்று மகளிடம் சொன்னான். சரிப்பா என்றாள். அடுத்தவர் வந்து தட்டி, திறக்கிறாயா என்றபோது, அவருக்கும் சரி என்றாள். ஊர் முழுக்கச் சேர்ந்து அவளுக்கு வாய்ப்பாட்டையும் தலைநகரங்களையும் எழுத்தையும் கொடுத்திருந்தது. முடியாது என்பதை ஒருவரும் கொடுத்திருக்கவில்லை.

ஒரு மத்தியானம் கோமு சாப்பாடு கொண்டுவந்தாள். தூக்குவாளியைக் கொட்டகையில் வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள். அவள் தலையில் மகள் பின்னிய சடை, கருக்காக, ஒரு முடி பிசகாமல் இருந்தது.

"ஊர்ல உள்ளதெல்லாம் வாங்கிட்டா. எங்கிட்டயும் ஒண்ணு இருக்கு. நானும் இறக்கி வச்சிருதேன்" என்றாள்.

என்னது என்று அவன் கேட்டான், உங்களுக்குத் தெரியாதா என்று அவள் கேட்டாள், அவனுக்குத் தெரிந்தது.

பதினாலு வருஷத்துக்கு முந்தி ஒரு புரட்டாசி மாதம், கோமுவுக்கு வலி எடுத்து அவள் அண்ணன் காரில் கூட்டிக்கொண்டு கிழக்கே ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டபோது, ஆவுடையப்பன் எண்ணைக் கொடுத்துவிட்டிருந்தான். முதலில் கூட்ஸ் வண்டி, அது போனதும் எதிரே பாசஞ்சர், இரண்டுக்கும் நடுவே திறக்க அனுமதி வரவில்லை. மைத்துனன் வந்து கையைப் பிடித்தான், காலைப் பிடித்தான், ஆவுடையப்பன் அவன் முகத்தைப் பார்க்காமல், முடியாது என்றான். பத்தொன்பது நிமிஷம். வண்டிகள் இரண்டும் வந்தன, அவன் திறந்திருந்தால் அந்தக் கார் என்ன ஆகியிருக்கும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாம் என்றார். பிறகு, அதனாலதான்னும் சொல்ல முடியாது என்றார். அந்த இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவில்தான் அவர்கள் பதினாலு வருஷம் குடும்பம் நடத்தினார்கள்.

"நீங்க செஞ்சது தப்புன்னு நான் ஒருநாளும் சொல்லல" என்றாள் கோமு. "வண்டி வந்துச்சுல்லா. ஆனா நான் தண்ணி கேட்டேன். இந்தா, இந்த இடத்துலதான் பானை இருந்துச்சு. காருக்குள்ள இருந்தே எனக்குத் தெரிஞ்சுது. நீங்க திரும்பக்கூட இல்ல."

"அத அவகிட்டச் சொல்லாத."

"அவளுக்காகச் சொல்லுதீங்களா, உங்களுக்காகச் சொல்லுதீங்களா?"

அவன் பதில் சொல்வதற்குள் போன் வந்தது. கேட்டை இறக்கினான், பூட்டினான், எண்ணைக் கொடுத்தான். வீடு மேற்கே இருந்தது, கொட்டகை கிழக்கே இருந்தது. கோமு வெறும் கையோடு மற்றவர்களுக்கு நடுவில் போய்க் கேட்டின் முன் நின்றாள். அந்த வண்டி வந்து போகும்வரை அவள் முதுகும் சடையும் மட்டும் அவனுக்குத் தெரிந்தன. மகளிடம் சொல்லாதே என்றதும் ஒரு முடியாதுதான், அதைக் கோமுவிடம் அன்றும் சொல்லிவிட்டான், இத்தனை வருஷம் சொன்னதுபோலவே, மணி சொல்வதுபோல.

வியாழக்கிழமை அவன் விடுப்பு சொல்லிவிட்டு ஜெசிந்தா டீச்சருக்காகக் காத்திருந்தான். மகளுக்கு மறுக்கச் சொல்லிக்கொடுக்க முடியுமா என்று கேட்டான். டீச்சர் பையிலிருந்து பட்டியலை எடுத்து விரித்தார். அறுபது வரியில் ஐம்பத்தொன்பதுக்கு முதல் கட்டத்தில் குறி விழுந்திருந்தது. நாற்பத்தொன்றாவது வரியில், வேண்டாததை வேண்டாம் எனச் சொல்கிறாள் என்று அச்சடித்திருந்தது. எதிரே மூன்று கட்டமும் காலி.

"இத்தனை வருசமா அந்த வரி வந்ததும் பக்கத்தைப் புரட்டிருதேன் அண்ணாச்சி" என்றார் டீச்சர். "ஏழு ஊருக்குத் தனியாப் போறேன். பஸ்ல ஒருத்தன் இடிச்சு உக்காருவான். கூப்பிடாத வீட்டுக்குள்ள வாங்க டீச்சர்ம்பான். மேல உள்ளவங்க, ஒரு கையெழுத்துதானம்பாங்க. எங்கிட்ட வேற என்ன இருக்கு சொல்லுங்க, அது ஒண்ணுதான். அதையும் குடுத்துட்டா நான் வீடு வந்து சேரமாட்டேன்."

அவர் மன்னிப்புக் கேட்டார். அவன் அதெல்லாம் வேண்டாம் என்றான். அவர் போகும்போது, அது உள்ளவங்க யாரும் குடுக்க மாட்டாங்க அண்ணாச்சி, இல்லாதவங்களால குடுக்க முடியாது என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். மழைக்கோட்டை அவருக்கு முப்பிடாதிதான் மாட்டிவிட்டிருந்தாள், ஐந்து பட்டனும்.

டீச்சர் போன பிறகும் அவள் தண்ணீர்ச் செம்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். ஆவுடையப்பன் அதைப் பார்த்தான்.

"வாரவுகளுக்கெல்லாம் ஏன்ட்டி தண்ணி குடுக்க?"

"நீதான சொல்லிக்குடுத்த எப்பா" என்றாள் முப்பிடாதி. பிறகு, பார்த்தே இராத தாத்தா வெற்றிலையை ஒதுக்குவதுபோல நாக்கால் கன்னத்தைத் தள்ளிக்கொண்டு சொன்னாள்: "ஆனா ஒண்ணு, கேட்டுக்கு அந்தப் பக்கம் நிக்கிறவனுக்கு ஒரு வாய் தண்ணி கொண்டுபோய்க் குடு. முடியாதுன்னு சொன்னவன் அதையாவது செய்யணும்."

அவனுக்கு அது புதிதாகக் கேட்பதுபோலவே இருந்தது. அவன் எழுந்து, மகள் கையிலிருந்த செம்பை வாங்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போனான். கோமு முறத்தில் உளுந்து பார்த்துக்கொண்டிருந்தாள். செம்பை நீட்டினான். எதற்காகத் தண்ணீர் கொண்டுவந்தோம் என்பது நீட்டும்போதே அவனுக்கு மறந்துவிட்டது. கோமு அவனையும் செம்பையும் பார்த்தாள், பிறகு வாங்கி முழுவதையும் குடித்தாள், குடித்துவிட்டு முறத்தை ஒதுக்கி வைத்துவிட்டுச் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அன்று பூராவும் அவன் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தான். முடியாது என்பது தன்னிடம் இல்லாமல் போனால் இனி யார் வந்து எதைக் கேட்டாலும் சரி என்றுதான் சொல்ல வேண்டியிருக்கும். மைத்துனன் வந்து குழந்தையை எங்கேயாவது விடுதியில் சேர்த்துவிடலாம் என்றால் சரி. ஊர்க்காரர்கள், உன் மகள் வாங்கிக்கொள்ளாததை நீ கேளு என்று அவன் வாசலில் வந்து உட்கார்ந்தால் சரி. கோமு அந்தப் பத்தொன்பது நிமிஷத்தை மகளிடம் இறக்கி வைக்கவா என்று இன்னொரு முறை கேட்டால், அதற்கும் சரி. வேண்டுமா வேண்டாமா என்று சொல்ல வேண்டியது அப்போது அவனில்லை, முப்பிடாதி. கேட்டில் நின்று ஒருவன் கெஞ்சினால் கை தன்னால் சாவிக்குப் போகும், வண்டி வரும். அதை மட்டும்தான் அவனால் யோசித்துக்கொண்டே இருக்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் அவன் ஸ்டேஷனுக்கு நடந்துபோனான். எதிரே பூவும் பழமுமாக இரண்டு பேர் வந்தார்கள், அவனைப் பார்த்ததும் கடைப் பக்கம் ஒதுங்கினார்கள். கேட் வேலையிலிருந்து தன்னை விடுவிக்கச் சொல்லி எழுதிய தாளையும் கொட்டகைச் சாவியையும் ஸ்டேஷன் மாஸ்டரின் மேஜைமேல் வைத்தான். ஸ்டேஷன் மாஸ்டர் படித்துவிட்டு, உடம்புக்கு ஏதுமா என்று கேட்டார், வீட்டில் ஏதுமா என்று கேட்டார், இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு குறை சொல்ல முடியாத ஆள் இப்படித் திடீரென்று கிளம்பினால் எப்படி என்றார். பிறகு எழுந்து வந்து அவன் தோளில் கை வைத்து, வேற ஆள் வருகிற வரைக்கும், பதினைந்தே நாள், இருந்து கொடுங்களேன் என்று கெஞ்சுகிற மாதிரிக் கேட்டார்.

"முடியாது சார்" என்றான் ஆவுடையப்பன்.

பிறகு வீட்டுக்கு வந்து, வாசலில் செருப்புகளோடு காத்திருந்தவர்களைக் கடந்து உள்ளே போய், கோமுவைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, மகளுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, முடியாது என்பதை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தான்.